ஈசான மூலையில் ஒரு பெருக்கல் குறி

வல்லிநாயகம்: ...இல்ல தம்பி, அந்தப் பெருக்கல் குறி அங்கன இருக்கக் கூடாது. தூக்கிரு.

ஹுஸைஃபா: எந்தப் பெருக்கல் குறி அண்ணாச்சி?

வல்லிநாயகம்: நீ எழுதிக் குடுத்த புரோகிராமத் தொறந்தா ஒரு விண்டோ வருதுல்லா... அதுல மேல, வலது கைப் பக்கம், ஓரத்துல.

ஹுஸைஃபா: அது மூடுத பட்டன்லா. உலகம் பூரா அங்கனதான் இருக்கு.

வல்லிநாயகம்: உலகத்துக்குக் குற்றாலத்துல லாட்ஜ் இருக்கா? எனக்கு இருக்கு. பள்ளிக்கூடத்துல மேப் பாத்திருக்கல்லா? மேல எந்தத் திசை?

ஹுஸைஃபா: வடக்கு.

வல்லிநாயகம்: வலது கை?

ஹுஸைஃபா: கிழக்கு.

வல்லிநாயகம்: ரெண்டும் சேருத மூலை? சொல்லு... கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளை...

ஹுஸைஃபா: வடகிழக்கு.

வல்லிநாயகம்: ஈசான மூலை! வீடோ லாட்ஜோ, ஈசானத்த அடைக்கவே கூடாது. தொறந்து கெடக்கணும். நீ என்னடான்னா தேடிப் போயி அங்கன மூடுத பட்டன வச்சிருக்க. சீசன் நேரத்துல யாவாரம் விளங்குமா?

சுஜிதா: போன சீசன்லயும் அங்கனதான இருந்துச்சு அண்ணாச்சி? அப்ப ரூமெல்லாம் நெறஞ்சு, மொட்டை மாடியிலகூட ஆள் படுத்துக் கெடந்தாங்களே.

வல்லிநாயகம்: ஏட்டி, நீ பேசாத. நாளையிலருந்து வேலைக்கு வராதன்னு சொல்லியாச்சுல்லா? பையத் தூக்கிட்டுக் கெளம்பாம இங்கன என்ன?

சுஜிதா: சாரல் விடட்டும்னு நிக்கேன். குடை கொண்டாரல.

ஹுஸைஃபா: வராதன்னா... என்ன அண்ணாச்சி இது? ரிசப்சன்ல சுஜிதாக்கா இல்லாம எப்படி? என்ன செஞ்சாங்க?

வல்லிநாயகம்: என்ன செஞ்சாளா? சனிக்கிழமை அருவியில தண்ணி கொட்டு கொட்டுன்னு கொட்டுது. போன்ல ரூம் கேட்டவங்க பேரெல்லாம் கம்ப்யூட்டர்ல அடிச்சு வைட்டின்னேன். சாயங்காலம் பாத்தா ஒரு பேரு இல்ல, வெறும் கட்டம். காலியாத்தான கெடக்குன்னு ஏழாம் நம்பர சுரண்டைக்காரங்களுக்குக் குடுத்தாச்சு. பின்னாலயே புனலூர்லருந்து ஒரு குடும்பம் வந்து எறங்குது, அது எங்க ரூமுன்னு.

சுஜிதா: குளிக்கப் போக எண்ணெய் தேச்ச சுரண்டைக்காரங்களும் வந்து எறங்குனவங்களும் வராண்டாவுல மல்லுக்கு நின்னாங்க தம்பி. சுரண்டைக்காரரு துண்ட இடுப்புல கட்டுதாரு, அவுக்காரு, திரும்பக் கட்டுதாரு. அந்தப் புனலூரம்மா மலையாளத்துல வையுது... என்னையப் பாத்து. நான் அடிச்சேன் தம்பி. பேரு, ஊரு, போன் நம்பரு, அம்புட்டும் அடிச்சேன்.

வல்லிநாயகம்: அடிச்சா எங்க போச்சு? பெட்டியா முழுங்கிச்சு? நீயே சொல்லு தம்பி. அடிச்சது தானாப் போகுமா?

ஹுஸைஃபா: தானா... போகாது அண்ணாச்சி.

வல்லிநாயகம்: கேட்டியா?

சுஜிதா: தானாப் போகாதுன்னா... வேற எப்படிப் போகும்?

ஹுஸைஃபா: அண்ணாச்சி, அந்தப் பெருக்கல் குறிய என்ன செய்யணும்னீங்க?

வல்லிநாயகம்: தூக்கணும்.

ஹுஸைஃபா: தூக்கிருவோம்! நீங்க சொன்னது நூத்துக்கு நூறு. ஈசானத்துல போயி மூடுத பட்டன்... ரொம்பத் தப்பு.

சுஜிதா: இப்பத்தான உலகம் பூரா அங்கனதான்னு சொன்னீங்க?

ஹுஸைஃபா: உலகத்த விடுங்கக்கா. எங்க வாப்பா மேலகரத்துல பாதி வீடு கட்டுன கொத்தனாரு. வாஸ்து பாக்காம ஒரு செங்கல் வைக்க விட்டிருப்பாங்களா? எனக்குத் தெரியாதா?

வல்லிநாயகம்: பாத்தியா, வெவரமான பிள்ளைக்குச் சட்டுனு புரியுது. ஏன் தம்பி, தூக்குதது லேசா?

ஹுஸைஃபா: விண்டோவுக்கு மேல இருக்க பட்டை கம்ப்யூட்டர் போடுதது. அதுக்குக் கீழ, மெனு பட்டையிலருந்துதான் நம்ம ராஜ்ஜியம். ஆனா இந்த விண்டோவுக்கு மூடுத குறி வேண்டாம்னு கேட்டுக்கிடலாம். ஒரே வரி... இந்தா, போயிருச்சு.

வல்லிநாயகம்: அப்பாடி!

சுஜிதா: என்ன அண்ணாச்சி, இந்தக் குளுர்ல உங்களுக்கு வேர்க்கி?

வல்லிநாயகம்: ஈசானம் சுத்தமாச்சுல்லா. அந்த நிம்மதி.

சுஜிதா: வேற மூலையில வைன்னு சொல்லலாம்லா? பட்டனே வேண்டாம்னா எப்படி மூட?

ஹுஸைஃபா: மெனுவுல இருக்குக்கா. ‘கோப்பு’ன்னு இருக்குல்லா, அத அமுக்குனா கடைசியில ‘வெளியேறு’.

வல்லிநாயகம்: என்னது? எங்க, காட்டு... ‘வெளியேறு’வா? ரூம் கேட்டு ஆள் வந்து நிக்கும்போது அவன் மூஞ்சிக்கு நேரா வெளியேறுன்னு எழுதி வச்சா எவன்டே தங்குவான்?

ஹுஸைஃபா: வேற என்ன போட?

வல்லிநாயகம்: நல்ல வார்த்தையாப் போடு. ‘போயிட்டு வாரேன்’.

ஹுஸைஃபா: மெனுவுலயா?

வல்லிநாயகம்: நீ வீட்டவிட்டு எறங்கும்போது உங்கம்மாட்ட வெளியேறுதேன்னா சொல்லுவ?

ஹுஸைஃபா: சரி... போயிட்டு... வாரேன். அப்ப இந்த ‘நீக்கு’?

வல்லிநாயகம்: சீ. ‘இன்னொரு தடவ பாப்போம்’னு போடு.

ஹுஸைஃபா: ‘உதவி’?

வல்லிநாயகம்: உதவின்னா நாம கேக்கோமா, குடுக்கோமா?

ஹுஸைஃபா: நாமதான் கேக்கோம்.

வல்லிநாயகம்: அப்ப எடுத்துரு. வல்லிநாயகம் இன்னைக்கு வரைக்கும் ஒருத்தன்ட்டயும் போயி நின்னதில்ல.

சுஜிதா: ‘மன்னிப்பு’ன்னு ஒரு மெனு வைக்க முடியுமா தம்பி?

ஹுஸைஃபா: ஆருக்குக்கா?

சுஜிதா: வச்சிருங்க. தேவைப்படுதவங்க அமுக்கட்டும்.

வல்லிநாயகம்: ஏட்டி!

சுஜிதா: ஒரே ஒரு கேள்வி, கேட்டுட்டுப் போயிருதேன். அந்தப் பெருக்கல் குறிய அமுக்குனா, அடிச்சதெல்லாம் என்ன ஆவும்?

ஹுஸைஃபா: சேமிச்சிருந்தா... இருக்கும்.

சுஜிதா: சேமிக்கதுக்கு முந்தியே அமுக்கிட்டா? சேமிக்கவான்னு கேக்குமா?

ஹுஸைஃபா: கேக்கும்... கேக்கணும்லா... இப்பக் கேக்குது.

சுஜிதா: இப்பன்னா?

ஹுஸைஃபா: இன்னைக்குக் கொண்டாந்த புது புரோகிராம்ல. முன்னால... கொஞ்சம் சுருக்கமா எழுதியிருந்தேன்.

வல்லிநாயகம்: அவன ஏன் போட்டுக் கொடையுத? வேலை நடக்கட்டும்.

சுஜிதா: சனிக்கிழமை பேரெல்லாம் அடிச்சுக்கிட்டே இருந்தேன். பசி காதடைச்சிட்டு. அப்படியே தொறந்து வச்சிட்டுச் சாப்பிடப் போனேன். அந்நேரம் பெட்டி முன்னால ஆரு இருந்தா அண்ணாச்சி?

வல்லிநாயகம்: நான்தான் இருந்தேன். என் லாட்ஜ், என் நாற்காலி. அருவியில தண்ணி எப்படி விழுதுன்னு வீடியோ பாத்துக்கிட்டு இருந்தேன்.

சுஜிதா: அருவியா? இந்தச் சன்னலத் தொறந்தாலே தெரியுமே!

வல்லிநாயகம்: தொறந்தா சாரல் அடிக்கும்லா.

சுஜிதா: புரோகிராம் விண்டோ திரைய மறைச்சுக்கிட்டு இருந்திருக்குமே... அத என்ன செஞ்சீங்க?

வல்லிநாயகம்: ஒதுக்கினேன்.

சுஜிதா: எப்படி ஒதுக்கினீங்க?

வல்லிநாயகம்: எல்லாரும் ஒதுக்குத மாதிரிதான்! என்னட்டி, போலீஸ் விசாரணையா? இந்தா, கடைசியாச் சொல்லுதேன். நீ பேரெல்லாம் அடிச்சிருந்ததக் கண்ணால பாத்த ஒரு ஆளக் கூட்டிட்டு வா. இந்த வேலையிலருந்து உன்னைய ஆரும் எழுப்ப முடியாது... சீசன் முடிஞ்சாலும்!

சுஜிதா: ஆளுக்கு எங்க போக... நானும் இந்தப் பெட்டியும்தான இருந்தோம். வேலை போனாக்கூட வேற தேடிக்கிடுவேன் அண்ணாச்சி. செய்யாமச் செஞ்சேன்னு பொய் சொல்லுதேன்னுட்டீங்க பாத்தீங்களா... அதுதான் தாங்க முடியல.

ஹுஸைஃபா: அக்கா, அழாதீங்க... அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லணும்...

வல்லிநாயகம்: சொல்லாத!

ஹுஸைஃபா: என்னன்னு கேக்கவே இல்லியே.

வல்லிநாயகம்: என்னவா இருந்தாலும் சொல்லாத. வேலைய முடி.

ஹுஸைஃபா: முடிஞ்சுட்டு. சோதிச்சுப் பாக்கதுதான் பாக்கி. அக்கா, போறதுக்கு முன்னால ஒரே ஒரு பேரு அடிச்சுக் குடுங்க. சேமிக்காதீங்க, அப்படியே விடுங்க.

சுஜிதா: என்ன பேரு அடிக்க?

ஹுஸைஃபா: ஏதாச்சும்.

சுஜிதா: அடிச்சாச்சு. சுஜிதா. ஏழாம் நம்பர்.

வல்லிநாயகம்: வேலைய விட்டுப் போற ஆளு ரூம் எடுக்காளாம்!

ஹுஸைஃபா: அண்ணாச்சி, நீங்களே மூடுங்க. புது மெனு, மொதல் கை உங்க கையா இருக்கட்டும்.

வல்லிநாயகம்: எங்க... ‘கோப்பு’... எறங்கு எறங்கு... ‘போயிட்டு வாரேன்’. ஆகா, வாசிக்கவே எப்படி இருக்கு! ஏடே... என்னடே இது, நடுவுல ஒரு பெட்டி குதிக்கி?

ஹுஸைஃபா: பயப்படாதீங்க. சத்தமா வாசிங்க.

வல்லிநாயகம்: ‘அடித்த பெயர் இன்னும் சேமிக்கப்படவில்லை. சேமிக்கவா? அப்படியே விட்டுவிடவா?’ என்ன தம்பி இது, அநியாயமா இருக்கு! சனிக்கிழமை இவ வரிசையா அடிச்சு வச்சிருந்த அம்புட்டுப் பேரையும் நான் மூடும்போது, இப்படி ஒரு வார்த்தை கேக்கலியே!