மின்கசிவு அல்ல

பேப்பரில் மின்கசிவு என்று போட்டிருக்கிறார்கள். அது தப்பு ஐயா. அதைத் திருத்தச் சொல்லத்தான் நன்னிலத்தில் பஸ் பிடித்துத் திருவாரூர் போலீஸ் ஸ்டேஷனுக்கு நானாகவே வந்தேன். எங்கே எது எரிந்தாலும் மின்கசிவு என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த அரிசி மில்லில் இருபத்திரண்டு வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்திருக்கிறேன். இந்த வைரக்கண்ணு கை வைத்த இடத்தில் கசிவு என்று எவனும் சொல்லிவிட முடியாது. படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தவிட்டு அறை எரிந்தது. அங்கே வேலை பார்த்த பூவம்மாள் செத்துப்போனாள். இன்னும் இரண்டு பெண்கள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். இத்தனைக்கும் காரணம் ஒரு டயல். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும்.

விளக்கமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். நெல் காயவைக்கும் டிரையருக்கும் நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டருக்கும் போகிற லைனில் இருநூற்றைம்பது ஆம்பியர் பிரேக்கர் ஒன்று உண்டு. அதற்குள் ட்ரிப் யூனிட் என்று இருக்கும். எவ்வளவு கரண்ட் போனால் பிரேக்கர் விழுந்து லைனை நிறுத்த வேண்டும் என்பதை அதில் உள்ள டயலில் வைக்க வேண்டும். அந்த லைனின் கேபிள் பழசு, நூற்றுப் பத்துதான் தாங்கும். அதனால் டயலை நூறில் வைத்திருந்தேன். பிரேக்கர் மோட்டாருக்குக் காவல் என்று படித்தவர்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது முதலில் கேபிளுக்குக் காவல். நான் வைத்த அளவில் வைத்தபடி ஒழுங்காக விழுந்துகொண்டிருந்தது.

முதலாளியின் மாப்பிள்ளை பிரபு சிங்கப்பூரிலிருந்து வந்து மில்லை எடுத்து நடத்த ஆரம்பித்த பிறகுதான் வினை. குறுவை அறுப்பில் மழை பிடித்துக்கொண்டது. சொட்டச் சொட்ட லாரியில் வந்த நெல்லை அப்படியே எலிவேட்டர் குழியில் கொட்டச் சொன்னார். ஈர நெல் எலிவேட்டரில் அப்பிக்கொள்ளும், மோட்டார் திணறும், நூற்று அறுபது வரை இழுக்கும். பிரேக்கர் விழும். விழாமல் என்ன செய்யும்?

“என்னங்க இது, ஒரு நாளைக்கு நாலு தடவை விழுது?”

“நெல்லு ஈரம் தம்பி. கொட்டுறதக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்க, நிக்கும்.”

“மொதல்ல தம்பி கிம்பின்னு கூப்புடாதீங்க. எனக்கு விழக்கூடாது, அவ்வளவுதான்.”

அதற்குப் பிறகு விழும்போதெல்லாம் எங்கே இருந்தாலும் என்னைக் கூப்பிட்டு, எல்லோரும் பார்க்க நானே போய்த் தூக்கிவிட வேண்டும் என்று ஆக்கினார். ஒருநாள் மூட்டை தூக்குகிறவர்கள், லாரி டிரைவர்கள் என்று முப்பது பேர் நிற்கையில் சொன்னார்: “இருவத்திரெண்டு வருசமா ஒரே ஒரு சுவிட்ச தூக்கிவுட்டே சம்பளம் வாங்கிட்டாருய்யா மனுசன்.” கொல்லென்று சிரித்தார்கள். அன்றிலிருந்து என் பெயர் ரீசெட்டு.

பூவம்மாளும் சிரித்தாள். “என்ன ரீசெட்டண்ணே, ஒங்க பொட்டி இன்னைக்கும் கோவிச்சிக்கிச்சா?” என்று தவிட்டு அறை வாசலில் நின்று கேட்பாள். அவள் மேல் எனக்குக் கோபமே கிடையாது. அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஆயுத பூஜை வந்தது. மெஷின் எல்லாம் நிறுத்திக் கழுவி, பிரேக்கர் இருக்கிற பேனலைத் துடைத்துச் சந்தனம் பூசிக் குங்குமம் வைப்பது வருஷா வருஷம் என் வேலை. அன்றைக்கு ட்ரிப் யூனிட்டின் மூடியைத் திறந்து, நூறில் இருந்த டயலை இருநூற்றைம்பதுக்குத் திருப்பினேன். பக்கத்தில் இருந்த மற்ற இரண்டு டயலையும் கடைசி வரைக்கும் தள்ளினேன். மூடியின் கண்ணாடி மேல் சந்தனத்தைக் கெட்டியாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். டயல் எங்கே நிற்கிறது என்று இனி யாருக்கும் தெரியாது. பூஜைக்கு வைத்த பொட்டை நம் ஊரில் எவன் துடைப்பான்? தானாக உதிர்ந்தால்தான் உண்டு. பிரபு பூசணிக்காய் உடைத்து, அந்தப் பொட்டுக்குத்தான் கற்பூரம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

விஜயதசமிக்கு ஓட்ட ஆரம்பித்தார்கள். பிரேக்கர் விழவே இல்லை. ஒரு நாள், இரண்டு நாள் போகட்டும், பழையபடி வைத்துவிடுவோம் என்றுதான் இருந்தேன். மூன்றாம் நாள் பிரபு என்னை ஆபீஸ் வாசலுக்குக் கூப்பிட்டார். கணக்குப்பிள்ளை, சூப்பர்வைசர் எல்லோரும் இருந்தார்கள்.

“பூசணிக்கா ஒடச்சதும் நின்னுருச்சு பாத்தீங்களா? அந்தப் பூசணிக்காய்க்கு இருக்குற புத்திகூட ஒங்களுக்கு இல்லியே.”

அந்த வார்த்தைக்குப் பிறகு நான் மூடியைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும் என்கிறீர்கள். உங்களை ஒருவன் பூசணிக்காயோடு நிறுத்தி எடை போட்டிருந்தால் தெரியும்.

அந்தக் கேபிள் தவிட்டு அறைக்கு மேலே, கூரையை ஒட்டிப் போகிறது. தினமும் ஏணி போட்டு ஏறி, புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். நான்காம் நாள் வெதுவெதுப்பு. ஏழாம் நாள் இட்லிச் சட்டி மூடி மாதிரி சுட்டது. ஒன்பதாம் நாள் மேலுறை கொழகொழத்து, ரப்பர் தீய்கிற வாசனை வந்தது. அதன் மேலே தவிட்டுத் தூசி விரல்கடை உயரத்துக்குப் படிந்திருந்தது. தவிடு எண்ணெய்ச் சத்து உள்ளது, பிடித்தால் விடாது. இறங்கி வந்து தினசரிச் சோதனை நோட்டில் நார்மல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த நோட்டு எரியவில்லை, ஆபீசில் இருக்கிறது. எடுத்துக்கொள்ளலாம்.

பத்தாம் நாள் சாயந்தரம் கை வைக்கவே முடியவில்லை. பதினோராம் நாள் காலை பத்தரைக்குப் பிடித்துக்கொண்டது.

கேபிள் தீயும், மில் நிற்கும், மாமனார் முன்னால் மாப்பிள்ளை தலைகுனிந்து நிற்பார், என்னிடம் வந்து கெஞ்சுவார். இதுதான் ஐயா நான் போட்ட கணக்கு. ஆனால் அன்றைக்கு அவர் மில்லிலேயே இல்லை. அதிராம்பட்டினத்தில் ஒரு கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு முடிகூடக் கருகவில்லை. இப்போது மின்கசிவு என்று எழுதிவைத்து அவரைச் சுத்தமாக வெளியே விட்டுவிட்டீர்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை. அவர் கேட்டதை நான் கொடுத்தேன். விழக்கூடாது என்றார், விழவில்லை. தீ பிடித்த பிறகும் அந்த பிரேக்கர் விழவில்லை, நான் ஓடிப்போய்க் கையால் இறக்கினேன். இதில் கசிவு எங்கே இருக்கிறது?

பெண்களுக்கு ஏதாவது ஆகும் என்று சத்தியமாக நான் கனவில்கூட நினைக்கவில்லை.

வருகைப் பதிவேட்டைப் புரட்டுகிறீர்கள். ஆமாம், சாவித்திரி என் சம்சாரம்தான். ஏழு வருஷமாக அதே தவிட்டு அறையில்தான் வேலை. அன்றைக்கு மட்டும் போகவில்லை. காய்ச்சல் எல்லாம் ஒன்றும் இல்லை. சாப்பாடு கட்டிக்கொண்டு கிளம்பி நின்றவளை நான்தான் வேண்டாம் என்று உள்ளே போகச் சொன்னேன். வழக்கம்போல வழியில் அவளைக் கூப்பிட வந்த பூவம்மாள் வாசலில் நின்றாள்.

“அக்கா வரலியாண்ணே?”

“அவளுக்கு ஒடம்பு சரியில்ல. நீ போம்மா, நேரமாவுது” என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.