கொதித்து ஆறிய தண்ணீர்

பால் பவுடர் கட்டி தட்டாமல் கரைய வேண்டுமென்றால் முதலில் தண்ணீரை ஊற்றிவிட்டு, பிறகுதான் பவுடரைப் போட வேண்டும். குத்தாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் அங்கன்வாடியில் முப்பத்தோரு வருடம் தாய்மார்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்கு நான் கனகா டீச்சர்தான். பிள்ளை அழுதால் டாக்டரிடம் போவதற்கு முன்னால் என்னிடம் வருவார்கள். இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் மேடம். நான் சொன்னதை அவர்கள் ஏன் நம்பினார்கள் என்று பிறகு கேட்பீர்கள்.

எங்கள் கொல்லையில் ஓர் உறைகிணறு. இருபதடியில் தண்ணீர். மூன்று வருடத்துக்கு முன் பக்கத்து வீட்டுத் தங்கையன் வேலியை ஒட்டிக் கழிவறைக் குழி வெட்டினார். அடியில் பூச்சு கிடையாது. கிணற்றுக்கும் குழிக்கும் பன்னிரண்டு அடிதான். தள்ளி வெட்டுங்கள் என்று நாலு முறை போய்ச் சொன்னேன். நாலாவது முறை கொத்தனாருக்கு எதிரிலேயே சிரித்தார்.

“கொதிக்க வச்சா எல்லாக் கிருமியும் செத்துரும்னு ஊருக்கே பாடம் எடுக்குறீங்க. உங்களுக்கு மட்டும் அது பத்தாதா டீச்சர்?”

திரும்பி வந்துவிட்டேன். பாடம் என்னுடையதுதானே.

மறு வருடம் என் மகள் செம்மொழி பிரசவத்துக்கு வந்தாள். தாய்ப்பால் போதவில்லை, பவுடர் பால்தான். தண்ணீரை நானே காய்ச்சினேன். மற்றவர்கள் ஐந்து நிமிடம் காய்ச்சினால் நான் இருபது நிமிடம். ஐம்பதாவது நாள் பேரனின் உதடும் நகமும் நாவல்பழ நிறத்துக்கு வந்தன. தஞ்சாவூர் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. டாக்டர் சின்ன வயசுக்காரர். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கச் சொன்னார். நைட்ரேட் என்கிற உப்பு லிட்டருக்கு நாற்பத்தைந்து மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டுமாம், எங்களுடையதில் இருநூற்றுப் பத்து. குழியிலிருந்து கசிந்து வந்தது. பெரியவர்கள் தாங்கிக்கொள்வார்கள், கைக்குழந்தைக்கு ரத்தத்தில் பிராணவாயு சேர விடாது. கொதிக்க வைத்தால் அது போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடும் என்று அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

இதயத்தில் ஓட்டை என்று ஊரில் சொல்லிவிட்டேன். செம்மொழியிடமும் அதேதான். அன்றிலிருந்து நான் குடிப்பது கேன் தண்ணீர், கிணறு பாத்திரம் கழுவ மட்டும். தங்கையன் துக்கம் கேட்க வந்தார், காப்பி குடித்தார்.  ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் டம்ளரை வாங்கி வைத்தேன். அவசரப்படும் பழக்கம் எனக்கு இல்லை.

போன மாதம் அவர் மகள் கயல்விழி தலைப்பிரசவத்துக்கு வந்தாள். என் அங்கன்வாடியில் சத்துமாவு உருண்டை தின்று வளர்ந்தவள். பெண் குழந்தை பிறந்தது. அவளுக்கும் பால் போதவில்லை. அந்த நேரம் பார்த்து அவர்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று மோட்டார் கருகிவிட்டது. குடத்தோடு வந்து நின்றாள். சண்டைக்காரர் வந்து கேட்டாலும் எங்கள் பக்கம் தண்ணீர் இல்லையென்று சொல்ல மாட்டோம். தாராளமாக எடுத்துக்கொள் என்றேன். பாப்பாவுக்கும் இதைக் கொடுக்கலாமா என்று கேட்டாள். இருபது நிமிடம் கொதிக்க வை என்றேன். உள்ளே மூன்று கேன் நிறைய நல்ல தண்ணீர் இருந்தது.

அந்தக் கிணற்றில் நான் எதையும் கலக்கவில்லை மேடம். அதில் இருந்தது தங்கையன் வீட்டுச் சரக்கு. அவர் வீட்டுக்கே திருப்பிக் கொடுத்தேன். இதில் என் தப்பு என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை.

தண்ணீர் எடுக்கத் தொடங்கிய ஒன்பதாம் நாள் காலை கயல்விழி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“டீச்சர், பாப்பா உதடு கறுத்திருக்கே. ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா?”

பார்த்தவுடன் தெரிந்தது. உடனே கிளம்பியிருந்தால் ஓர் ஊசியில் பிழைத்திருக்கும். அதையும் அந்த டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார்.

“குளிருதான் கண்ணு. இன்னும் கொஞ்ச நேரம் கூடக் கொதிக்க வச்சுக் குடு” என்றேன்.

சாயங்காலம் பிள்ளை போய்விட்டது. தங்கையன் வாசலில் புரண்டு அழுதார். அதைப் பார்க்கத்தான் இரண்டு வருடம் காத்திருந்தேன் என்று நினைத்திருந்தேன். ஆனால் போனவள் அவரைத் தாண்டி நேரே அடுப்படிக்குப் போனேன். தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு கயல்விழி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். தன் கையாலேயே காய்ச்சிக் கொடுத்தவள் இனி நான் ஒருத்தி மட்டும் இல்லை.