பத்தொன்பதாவது பல்பு

இல்ல சார், எக்ஸ்ட்ரா லைட் போட மாட்டேன்னு நான் சொல்லவே இல்ல. முதல்ல இந்த ஹெட்லைட்ட கழட்டிப் பாத்துடுறேன், அப்புறம் அது வேணுமா வேணாமான்னு நீங்களே சொல்லுங்க. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க. ஒரு கால் ஆடும், செவுத்துல சாஞ்சுக்குங்க.

இது நான் மாட்டின பல்புதானே? பாத்ததுமே தெரிஞ்சிருச்சு. கம்பெனி பல்பு மங்கலா இருக்கு, கம்மி செலவுல ஏதாவது பண்ணுங்கன்னு கேட்டீங்க. எல்லாரும் அதத்தான் கேப்பாங்க. அதுக்கு முன்னாடி அதிக வாட்ஸ் பல்பு போட்டுட்டு இருந்தேன். அது சூட்டுல ஹோல்டரயே உருக்கிடும். ஒருத்தர் வண்டியில வயரும் சேந்து கருகி, மனுஷன் வந்து என்ன வறுத்தெடுத்துட்டாரு. அந்த நேரம் பாத்துதான் இந்த எல்.ஈ.டி வந்துச்சு. சூடு கம்மி, பேட்டரியையும் இழுக்காது, வெலையும் கம்மி. தெய்வமே எறங்கி வந்த மாதிரி இருந்துச்சு எனக்கு.

இங்க பாருங்க. பல்போட ரெண்டு பக்கமும் மஞ்சளா ஒரு பொட்டு இருக்குல்ல, வெளிச்சம் அதுலேருந்துதான் வருது. அது இடதும் வலதும் பாத்து நிக்கணும். உங்களுதுல ஒண்ணு வானத்தப் பாக்குது, ஒண்ணு தரையப் பாக்குது. நீங்க ஒண்ணும் பண்ணல சார், நான் மாட்டினதே அப்படித்தான். அப்படி மாட்டிட்டு எதிர் செவுத்துல அடிச்சுப் பாத்தா செவுரு பூரா வெள்ளையா இருந்துச்சு. நீங்க கை தட்டாத குறைதான், ஞாபகம் இருக்கா? நானும் வாயப் பொளந்துட்டு நின்னேன். செவுத்துக்கு எதுக்கு சார் வெளிச்சம், ரோட்டுக்குத்தானே வேணும்? இருபது வருஷமா இந்த வேல பாக்குறவனுக்கு அது ஒறைக்கல.

எதிர்ல வர்றவங்கல்லாம் ஒதுங்கிப் போறாங்கன்னு இப்ப பெருமையா சொன்னீங்களே, அது மரியாதைல இல்ல. அவங்களுக்குக் கண்ணு தெரியல. உங்களுக்கும் ரோடு தெரியல, அதான் இன்னொரு லைட் கேட்டு வந்திருக்கீங்க.

எப்படிக் கண்டுபுடிச்சேனா? ஒரு நாள் சாயந்தரம் மெயின் ரோட்டு ஓரமா போயி நின்னேன். சும்மாதான். நான் பல்பு மாட்டிவிட்ட வண்டி ஒண்ணு எதிர்ல வந்துச்சு. கண்ணு அப்படியே அவிஞ்சு போச்சு சார். வண்டி தாண்டிப் போயும் கொஞ்ச நேரம் ஒண்ணும் தெரியல, கால்கிட்ட இருந்த பள்ளம்கூடத் தெரியல.

கடைக்கு வந்து காலி டப்பாவ எண்ணிப் பாத்தேன். நாப்பத்திமூணு. அத்தனையும் இதே மாதிரி மாட்டினது. யாரு நம்பரும் எங்கிட்ட இல்ல. லைட் இலவசமா சரி பண்ணித் தரப்படும்னு வெளிய போர்டு வச்சேன். இலவசம்னு எழுதினா எவனும் வர மாட்டேங்குறான் சார், ஏதோ தலையில கட்டப் பாக்குறான்னு நெனக்கிறாங்க. இதுவரைக்கும் பதினெட்டு பேரு. உங்களுது பத்தொன்பது. அந்தப் பதினெட்டுலயும் நாலு பேரு லைட் டல்லாயிருச்சுன்னு சண்ட போட்டு, வேற கடையில குடுத்துப் பழையபடியே திருப்பிக்கிட்டாங்க. மிச்சம் இருக்குறவங்க எந்த ஊர் ரோட்டுல ஓட்டிட்டு இருக்காங்களோ. அவங்க வருவாங்கன்னு எனக்கு நம்பிக்க இல்ல.

ஏன் அன்னைக்குப் போயி ரோட்டுல நின்னேனா? விட மாட்டீங்க போலருக்கே.

எங்க வீட்டுக்காரி வண்டியிலேருந்து விழுந்துட்டா சார். தையல் கம்பெனியில வேல முடிச்சு ஸ்கூட்டர்ல வந்துட்டிருந்தா, ஏழு மணி இருக்கும். எதிர்ல ஒரு வண்டி வெளிச்சம். ரோட்டோரத்துல வெட்டிப் போட்டிருந்த குழி தெரியல. அந்த வண்டிக்காரன் நிக்கல, அவன் பாத்திருக்கவே மாட்டான். நாலு மாசமாச்சு. முதுகெலும்புன்னாங்க. இனிமே எந்திரிச்சு நடக்க மாட்டாங்கன்னு டாக்டர் எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்காரு.

வேணாம் சார், நீங்க எந்த ரோட்டுல போவீங்கன்னு சொல்லாதீங்க. நான் கேக்கல. நாப்பத்திமூணுல ஒண்ணா இருக்கலாம், வேற எவன் மாட்டினதாவும் இருக்கலாம். தெரிஞ்சு என்ன ஆகப்போவுது.

ஆனா அவ மெக்கானிக் பொண்டாட்டி இல்லையா, கம்பெனி லைட் எது, கடையில மாட்டின லைட் எதுன்னு நல்லா தெரியும். நானும் அத மாட்டினவன்னு மட்டும் தெரியாது. அதனால வண்டி ஓட்டினவன ஒரு வார்த்த சொல்ல மாட்டா. லைட்ட மாட்டிவிட்டவன் கை வெளங்காமப் போகட்டும்னுதான் தெனம் திட்டுவா. அப்ப நான்தான் பக்கத்துல உக்காந்து அவளுக்கு ஊட்டிட்டு இருப்பேன். ஆமாம்மா, வெளங்கவே வெளங்காதுன்னு நானும் சொல்லிட்டு, அடுத்த வாய் குடுப்பேன்.