கதவின் பின்னால் கரிக்கோடுகள்

"படு! படு!" அப்பா கத்துகிறார். காலை ஒன்பது மணி. மூன்று ஜப்பான் விமானங்கள். நீண்ட ஊளை. நிலம் குதிக்கிறது. வாய் நிறைய மண்.

1942. ரங்கூனை விட்டு ஓடி ஆறாம் நாள். நாங்கள் ஐந்து பேர். அப்பா எருமப்பட்டிக்காரர். அம்மா பர்மாக்காரி. எனக்கு ஒன்பது வயது. தங்கைக்கு ஐந்து. தம்பிக்கு எட்டு மாதம். அப்பாவிடம் மட்டும் தமிழ். மற்றபடி வீட்டில் அம்மாவின் மொழிதான்.

வழியில் பர்மாக்காரர்கள் இந்தியர்களை வெட்டினார்கள். ஏழு இடங்களில் எங்களை மறித்தார்கள். ஏழு தடவையும் அப்பா அம்மாவை முன்னால் தள்ளினார். "நீ பேசு!" பேசினாள். கத்திகள் தாழ்ந்தன. குடிக்கத் தண்ணீரும் கிடைத்தது. பதினேழாம் நாள் தம்பி செத்தான். வயிற்றுப்போக்கு.

எருமப்பட்டி. வாசலிலேயே அத்தை கேட்டாள். "ஏனுங்கண்ணா, இவ பேசறாளா, கோழியக் கூப்புடறாளா?" கூட்டம் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அம்மாவுக்குச் சிரிப்பு மட்டும் புரிந்தது.

மறுநாள் அப்பா என் கையில் கரித்துண்டைக் கொடுத்தார். "அந்தப் பேச்சு இந்த ஊட்டுல கேக்கப்படாது. உங்கம்மா ஒரு வார்த்த பேசுனா கதவுக்குப் பின்னால ஒரு கோடு போடு சாமி. பொழுதோட எண்ணிச் சொல்லோணும்."

"சரிங்கப்பா."

கோட்டுக்கு ஓர் அடி. அடி அம்மாவுக்கு இல்லை, தங்கைக்கு. அம்மாவை ஏழு தடவை முன்னால் தள்ளிய அதே கை.

முதல் நாள் ஏழு. இல்லை, ஒன்பது. இரண்டு கோடுகள் கதவில் கீழே தள்ளி இருந்தன. பிறகு ஐந்து. பிறகு மூன்று. கதவின் பின்னால் மூச்சை அடக்கி நின்று கேட்டேன். ஒன்றையும் விடவில்லை.

பதினான்காம் நாள், ஒன்று. அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். செத்த தம்பியின் பெயரைச் சொன்னாள். பர்மியப் பெயர். அவனுக்கு வேறு பெயர் இல்லை. கோடு போட்டேன். தங்கையின் முதுகில் ஈரத்துணி அறைந்தது போல ஒரு சத்தம்.

பதினைந்தாம் நாள் கோடே இல்லை. ஓடினேன். "இன்னிக்கு ஒண்ணுமே இல்லீங்கப்பா!" வெல்லம் கொடுத்தார். நான் தின்பதை அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் இருபத்தொன்பது வருடம் இருந்தாள். தமிழ் கற்றாள். அதிலும் என்னோடு பேசவில்லை.

என் பிள்ளைகள் நான்கு. பேரப்பிள்ளைகள் ஆறு. பத்துப் பேருக்கும் அந்த மொழியில் ஒரு சொல் தெரியாது.

கணக்கு இதுதான். வழியில் போனது ஓர் உயிர். ஊருக்கு வந்தபின் போனது ஒரு மொழி. என்னிடம் மீதி நான்கு சொற்கள்: தண்ணீர், சோறு, வா, அம்மா.

தம்பியின் பெயர் அந்த நான்கில் இல்லை.