மேல வயலுக்காரனின் முறை

சுசீந்திரம் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும். கீதைப் பிரசங்கம் கேட்டுத் திரும்புகிறார்கள். ஊர்க் கால்வாயின் மடையை முறை பார்த்துத் திறந்துவிடுவது அவர் பொறுப்பு என்று பேச்சில் தெரிந்தது. ஜன்னலில் வயல்கள் நீரின்றி மஞ்சளித்து ஓடின.

"நம்ம வயலு கருகினாலும் எனக்கு வருத்தமில்லட்டி," என்றார் அவர்.

"நாளைக்குப் பாய்ச்ச வெள்ளம் ஆருக்கு?"

"மேல வயலுக்காரனுக்கு. அவன் முறையாக்கும்!"

"நம்ம வரப்ப வெட்டினவனுக்கா?"

"அவனுக்குத்தான். நமக்கு அடுத்த வாரம்."

"அதுவர பயிரு நிக்குமா?"

"நிக்காது."

"வருத்தமில்லாமயா நேத்து ராத்திரி பூரா பொரண்டு கெடந்தீரு?"



"வருத்தந்தான். என்ன செய்ய?"

"மடையத் தொறந்து விடும், அது ஒம்ம வேல. வருத்தமில்லேன்னு எங்கிட்ட பொய் சொல்லாண்டாம்."