ரோட்டில் பறித்த பாணிப் போத்தல்

டண்டாஸ் வீதியில் ஓடும் ஸ்ரீட்கார் ட்ராமில் எனக்கு முன்னால் இரண்டு தமிழர்கள் இருந்தார்கள். இளையவர் இருமி இருமிச் சொன்னார்.

"கடையில இருமல் பாணி மருந்தை வித்த சீன மனுசியே பின்னால ஓடிவந்து ரோட்டில வைச்சுப் பறிச்சுப்போட்டா அண்ணை."

"ஏனாம்?"

"என்ர பையுக்குள்ள பிள்ளையின்ர பால்போத்தலைக் கண்டிட்டா. கோட்டும் இல்லாமல், பனிக்குள்ள வெறும் செருப்போட வந்தவ. 'ஹனி. பேபி நோ. வன் இயர்' எண்டு சொன்னா. பாணியில தேன் இருக்காம், ஒரு வயசுக்குள்ள பிள்ளைக்குக் குடுக்கப்படாதாம்."

"உனக்குத்தான் எண்டு சொல்லேல்லையோ?"

"நெஞ்சில தட்டி இருமிக் காட்டினன். பிறகுதான் திருப்பித் தந்தவ."

மற்றவர் சிரித்தார். "பாவம், பிழையா விளங்கிக்கொண்டிட்டா."

இளையவர் கையிலிருந்த பாணிப் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை அண்ணை. பிள்ளையும் இருமுது. அவனுக்கும் ஒரு சொட்டு நாக்கில தடவுவம் எண்டு நினைச்சிருந்தனான். ஆருக்கும் சொல்லேல்லை."