பட்டிக்குள் போகாத மருமகள்

கிளினிக் வண்டி இந்த மேட்டில் ஏறி வருவதே பெரிய விஷயம், சிஸ்டர். மழைக்காலத்தில் நீங்கள் கீழேயே இறங்கி நடக்க வேண்டியிருக்கும். உட்காருங்கள். என் கணவர் மலூஸிக்கு ஏன் சில மாதங்களாக வலி இவ்வளவு கூடிப்போயிற்று என்று கேட்டீர்கள். இடுப்பில் இருக்கும் கட்டி பெரிதாகியிருக்குமோ என்று கவலைப்படுகிறீர்கள். கட்டியைக் குறை சொல்லாதீர்கள். அது பாவம், தன் வேலையை மட்டும்தான் பார்க்கிறது.

உங்கள் மாத்திரை அவர் வயிற்றில் தங்கவே இல்லை. நாக்கடியில் விடும் கஞ்சா எண்ணெய்தான் அவரைத் தூங்க வைத்தது. அதற்கான செடிகளைப் பின்னறையில் விளக்குப் போட்டு வளர்த்தவள் அவருடைய தங்கை லும்கா. வெளியே வைத்தால் ஆடு தின்னும், ஆடு விட்டதைப் பக்கத்து வீட்டார் பறிப்பார்கள். வீட்டுக்குள் வளர்த்துக்கொள்ளலாம் என்று சட்டமே சொல்லிவிட்டதால் ஒளிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

லும்கா கேப் டவுனில் கஞ்சா வளர்க்கும் ஓரிடத்தில் வேலை பார்த்தவள். புருஷனை விட்டுவிட்டு இங்கே வந்தாள். அண்ணன் படுத்துவிட்டார் என்று வந்தாளா, போக்கிடம் இல்லாமல் வந்தாளா என்று நான் கேட்கவில்லை. நான் கேட்கிற வகை இல்லை. நம் வழக்கத்தில் கணவரின் தங்கையும் மருமகளுக்குக் கணவர் மாதிரிதானே. இரண்டு கணவர்களுக்குப் பணிவிடை செய்யும் பாக்கியம் எனக்கு.

செடியைவிட மண்தான் அவளுக்கு முக்கியம். பழைய தொட்டி மண்ணை உதிர்த்து, பட்டியில் பல மழை கண்டு மக்கிய சாணத்தைச் சலித்துக் கலப்பாள். முட்டை ஓட்டுத் தூள், காய்ந்த கடற்பாசித் தூள், தண்ணீர் தேங்காமலிருக்கக் கொஞ்சம் பெர்லைட் என்கிற வெள்ளைப் பொரிகல். பிடித்தால் உருண்டையாக வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிறகு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் போட்டு, ஈரம் காயாமல் வாரக்கணக்கில் மூடி வைக்க வேண்டும். மக்கும்போது எழும் சூடு தணியாமல் நட்டால் வேர் வெந்துவிடுமாம். மண் சமைகிறது என்பார்கள் அண்ணனும் தங்கையும். அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய், மூடியைத் திறந்து, இருவரும் கண்ணை மூடி முகர்ந்து பார்ப்பார்கள். காட்டு வாசனை வருகிறதாம். அப்போது நான் வேகவைத்த சோளமும் பீன்ஸும் மேசையில் ஆறிக்கொண்டிருக்கும். இந்த வீட்டில் முப்பது வருடமாகச் சமைக்கிறேன். என் பானையை யாரும் அப்படி முகர்ந்ததில்லை.

சாணம் அள்ள லும்கா மாட்டுப் பட்டிக்குள் போவாள். அவள் இங்கே பிறந்தவள், போகலாம். நான் வந்தவள், மருமகள் அங்கே கால் வைக்கக் கூடாது. மற்ற வீடுகளில் மருமகளுக்கு வயதானதும் பட்டிக்குள் போக அனுமதி கொடுத்துவிடுகிறார்கள். என் மாமியார் கொடுக்காமலே போய்ச் சேர்ந்தார். அப்புறம் அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஞாபகப்படுத்துவது மரியாதையில்லை என்று நானும் இருந்துவிட்டேன். மரியாதை விஷயத்தில் என்னைக் குறை சொன்னவர்கள் இந்தப் பக்கத்தில் இல்லை.

ஒரு சனிக்கிழமை எல்லோரும் ஓர் அடக்கத்துக்குப் போயிருந்தார்கள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் பட்டிக்குள் போனேன். இடி விழும் என்று நினைத்திருந்தேன். செருப்பில் சாணம் ஒட்டியது, அவ்வளவுதான். தண்ணீர்த் தொட்டியருகே மாடுகள் நக்குவதற்கு வைத்த சிவப்பு உப்புக்கல் இருந்தது. ஒரு மூலையை உடைத்து எடுத்து வந்து, வெந்நீரில் கரைத்து, சமைந்துகொண்டிருந்த மண்ணில் ஊற்றிக் கிளறினேன். கரையாத துகள்களை வேண்டுமென்றேதான் விட்டேன்.

லும்கா எல்லாச் செடிகளையும் அந்த மண்ணுக்கு மாற்றினாள். சில நாட்களில் இலைகள் ஓரம் தீய்ந்து சுருண்டன. மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு சிவப்புத் துகள்களை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு அண்ணனிடம் போனாள். எண்ணெய்ப் புட்டியில் அடிமட்டம்தான் மிச்சமிருந்தது.

"பட்டில கண்ண மூடிக்கிட்டுதான் அள்ளுனியா? கேப் டவுன்ல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்றார் அவர்.

"அண்ணா, நான் அள்ளுனது மேல் மூலையில. கல்லு கெடக்குறது தண்ணித் தொட்டிகிட்ட. அது நடந்தா வரும்?"

"அப்ப உங்க அண்ணி போயி எடுத்துட்டு வந்தாளாக்கும்."

அதைக் கேட்டு அந்தச் சண்டைக்கு நடுவிலும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் பட்டிக்குள் போவதாவது. மரியாதைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன்.

புட்டி காலியானதும் அந்தச் சிரிப்பும் தீர்ந்தது. வலியில் அவர் என்னென்னவோ பேசினார். குடும்பத்தைக் கெடுத்துவிட்டு வந்தவள் செடியை மட்டும் வாழவைப்பாளா என்றுகூடக் கேட்டுவிட்டார். மறுநாள் காலையில் லும்கா பையைக் கட்டினாள். டாக்ஸி நிறுத்தம் வரை நான்தான் பையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"அண்ணி, ராத்திரியில அவர் காலுக்கடியில தலகாணி வையுங்க. எம்மேல கோவம்னாலும் வேற யாரையாவது வச்சு செடி போடச் சொல்லுங்க," என்றாள். நல்ல பெண். அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

லும்காவைத் துரத்தத்தான் இதைச் செய்தேன் என்று நீங்கள் முடிவு கட்டிவிடுவீர்கள். அவள் போன பிறகு நடந்ததையும் கேளுங்கள்.

"மாபெலே, நீயே மண்ணக் கலக்கு. நான் சொல்லித் தரேன்," என்றார் அவர், என் பிறந்த குலப் பெயரால் என்னைக் கூப்பிட்டு. படுக்கையிலிருந்தபடியே ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் கலந்தேன். மாடு மேய்ப்பவர் சாணம் கொண்டுவந்து வாசலில் வைத்தார். தினமும் ஒரு கைப்பிடி மண்ணை அவர் மூக்கருகே கொண்டுபோவேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி முகர்வார்.

"லும்கா கைய விட உன் கை பரவால்ல," என்றார் ஒருநாள்.

கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அப்படி இருந்ததில்லை, சிஸ்டர். விதை முளைத்தது. செழிப்பாகத்தான் வந்தது. ராத்திரி வலியில் புரளும்போதும், இன்றைக்கு எத்தனை இலை என்று கேட்பார். பூக்கும்வரை பல்லைக் கடித்துக்கொள்வேன் என்பார்.

நான் யோசித்துப் பார்த்தேன். செடி பூக்கும், எண்ணெய் வரும், அவர் தூங்குவார். தூங்கி எழுந்த மனிதருக்கு நாற்காலியில் ஏறி வாசலுக்குப் போகத் தோன்றும். அண்டை அயலாரோடு பேசத் தோன்றும். தங்கைக்கு போன் போட்டு மன்னிப்புக் கேட்கத் தோன்றும். அப்புறம் என் மணிக்கட்டு எதற்கு?

இந்த முறை பட்டிவரை போகவில்லை. அடுப்படியில் இருந்த உப்பே போதுமானதாக இருந்தது. அந்தச் செடிகளும் தீய்ந்தன. முன்னோர்களுக்கு நம்மேல் ஏதோ கோபம் என்று அவர் அழுதார். இருக்கலாம் என்றேன். அழும்போது தலையை என் மடியில்தான் வைத்திருந்தார். நேற்று அடுத்த தொட்டிக்கு மண் கலந்து வைத்திருக்கிறேன். அவர் மறுபடியும் நம்பத் தொடங்கிவிட்டார். அதிலும் உப்புப் போட்டாயிற்று.

கேட்கிறதா, கூப்பிடுகிறார். நீங்கள் எழுந்திருக்காதீர்கள். முதல் குரலுக்கே போனால் என் கையைச் சும்மா பிடிப்பார். இன்னும் இரண்டு தடவை கூப்பிடட்டும், இறுக்கிப் பிடிப்பார். நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன், சிஸ்டர். என்னை விட்டால் பாவம், அவருக்கு யார் இருக்கிறார்கள்.